மாமா அனுப்பிய பட்டையில் ஓட்டை போட்ட விவரம்

அன்பும் மரியாதையும் கொண்ட மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். அப்பாவின் இடது கட்டைவிரல், அத்தையின் வலது காது, கீழ்வீட்டுப் பல் டாக்டரின் நற்பெயர் ஆகிய மூன்றும் தேறி வருகின்றன. அங்கே நீங்களும் மாமியும், செல்லப் பெயர் வைத்து நீங்கள் கூப்பிடுகிற ஸ்பிரிங் பட்டறையின் அந்தப் பழைய பிரஸ் மெஷினும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் போன் பேசும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள், அங்கிருந்து கத்துவாள், அத்தை கேள்வி கேட்பாள், அதற்கு அப்பாவே பதிலும் சொல்லிவிடுவார், மறுமுனையில் இருப்பவருக்கு இடையில் ஒரு வாக்கியம் கிடைத்தால் அவர் அதிர்ஷ்டக்காரர். போன மாதம் அப்படி உங்களுக்குக் கிடைத்த ஒரு வாக்கியம்தான் இங்கே நடந்த அத்தனைக்கும் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன். கடிதம் என்றால் உறையை ஒட்டலாம். இந்த வீட்டில் நான் மூடினால் மூடியபடி இருந்த பொருள் வெகுநாளாக அது ஒன்றுதான்.

என் அறைக் கதவின் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். நாலு வயதில் நான் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுததும், அப்பா கதவை உடைத்து உள்ளே பாய்ந்தபோது வாளிக்குள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்ததும் சொந்தம் முழுக்கப் பேசித் தேய்ந்த கதை. மறுநாள் அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு வீட்டைச் சுற்றி வந்து, வாசல் கதவு நீங்கலாக எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றினார். இருபத்திரண்டு வருஷமாக ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. குளியலறைக்குள் ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமானால், இருப்பவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தை இருமுவாள். அப்பா செய்தி வாசிப்பதுபோல் பேசுவார். எனக்குப் பாட வராது என்பதால் வாய்ப்பாடு சொல்வேன். இன்று எங்கள் அச்சகத்தில் பதினெட்டாம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

என் அறைக் கதவுக்குத் தனியாக ஒரு குணமும் உண்டு. கட்டடம் சாய்ந்திருக்கிறதோ, நிலை இறங்கியிருக்கிறதோ தெரியாது, சாத்திவிட்டுக் கையை எடுத்தால் மூன்று எண்ணுவதற்குள் தானாகத் திறந்துகொள்ளும். திறந்த கதவைப் பார்த்தால் யாருக்குத்தான் உள்ளே வரத் தோன்றாது? அம்மா துணி மடிக்க என் கட்டிலுக்கு வருவாள், ஏனென்றால் மற்றக் கட்டில்கள் குழிந்தவையாம். அத்தைக்கு அவள் அறையில் காற்று வராது. அப்பா தண்ணீர்த் துறையில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், மொட்டை மாடித் தொட்டி நிரம்புவதை என் ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. யார் வந்தாலும் முதல் கேள்வி, "என்ன பண்ணிட்டிருக்கே?" பதில் சொல்லி முடிக்கும்போது, நான் பண்ணிக்கொண்டிருந்தது நின்றுபோய்ச் சிறிது நேரம் ஆகியிருக்கும். கதவடியில் காகிதம் மடித்து வைத்தேன், அத்தை அதைப் பிரித்து வாசித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று கொடுத்தாள். நாற்காலியை முட்டுக் கொடுத்தேன், அப்பா நாற்காலியோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "நாற்காலி வழியில கெடக்குது பாரு" என்றார்.

நான் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், வேலை வீட்டுக்கும் வரும். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கொக்கு ஒன்று ஒற்றெழுத்தை இழந்து 'கொகு'வாகப் பறந்துவிட்டதே, அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தை வந்து, மாமி பேச்சில் அன்றைக்கு ஒரு மாதிரியான தொனி இருந்ததே, கவனித்தாயா என்று கேட்டாள். வேலை இருக்கட்டும். படிக்கிறபோது ஒரு வரி நன்றாக இருந்தால் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பது என் வழக்கம். இந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். "தலைவலியா?" என்பாள் அம்மா. "எதுக்கு அழறே?" என்பாள் அத்தை. அழவே இல்லை என்று மூன்று தடவை சொன்னால் நிஜமாகவே அழுகை வந்துவிடும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். அச்சகத்துக்குப் பின்தெருவில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி இருக்கிறது. அங்கே ஒற்றை அறைக்கு விண்ணப்பத் தாள் வாங்கி வைத்திருந்தேன், இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு அங்கே போக ஆசை இல்லை. இவர்கள் எல்லாரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் என் கதவு சாத்தினால் சாத்தியபடி நின்றால் இங்கேயே இருப்பது, நிற்காவிட்டால் தாளை நிரப்பிக் கொடுத்துவிடுவது என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு, அப்பாவிடம் பேச்சைத் தொடங்கினேன்.

தாழ்ப்பாள் என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவே இல்லை. உங்கள் பட்டறையின் கண்ணாடி அலமாரியில் இருப்பதுபோல ஒரு ஸ்பிரிங் பிடி என்றேன். நிலையில் ஒரு பட்டை, கதவில் ஒரு குமிழ். சாத்தும்போது பட்டை வளைந்து குமிழைப் பிடித்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளினாலும் உள்ளிருந்து இழுத்தாலும் விட்டுவிடும்.

"பூட்டிக்காது இல்ல?"

"பூட்டாதுப்பா."

"உள்ள மாட்டிக்கிட்டா?"

"நாலு வயசுப் பிள்ளைகூடத் திறந்துடும்."

அந்த உதாரணத்தைத் தவிர்த்திருக்கலாம். மூன்று நாள் யோசித்தார். பிறகு ஒப்புக்கொண்டு, "கடையிலெல்லாம் வாங்க வேணாம், பின்ன பின்பக்கத்துல பட்டறைன்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கேன்?" என்று, பட்டை மட்டும் கேட்டு உங்களுக்குப் போன் செய்தார். நீங்களும் ஒரு சாண் நீளத்தில், கட்டைவிரல் அகலத்தில், நீலம் பாய்ந்த அழகான பட்டை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினீர்கள். ஓட்டையும் நீங்களே போட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். "ரெண்டு ஓட்டைக்கு மச்சான் கையா?" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு இந்த வீட்டில் பதினோரு நாள் யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்குக் கிடைத்த வாக்கியம் இது: "மச்சான், அது டெம்பர் ஏத்தின பட்டை, பச்சையா ட்ரில் எறங்காது, நுனிய மட்டும் செவக்கக் காய்ச்சி ஆத்துங்க, அப்பறம்..." அதற்குள் உங்கள் பக்கம் பிரஸ் மெஷின் இடிக்க, எங்கள் பக்கம் அத்தை மாமியின் முதுகுவலி பற்றிக் கேட்க, அப்பா "குறைஞ்சிருக்காம்" என்று மாமிக்காகப் பதில் சொல்ல, அதோடு பேச்சு முடிந்தது. போனை வைத்ததும் அப்பா, "காய்ச்சறதாம்! காய்ச்சினா ஸ்பிரிங் செத்துப்போயிடாதா? உன் மாமன் ஒரு நாளைக்கு நூறு பட்டை பண்றவன், பத்து செத்தா அவனுக்கென்ன. எனக்கிருக்கறது ஒண்ணே ஒண்ணு" என்றார்.

ஓட்டையைக் கதவு நிலையோடு வைத்து வைத்து அளவு பார்த்துப் போட வேண்டும் என்பதால், பின்பக்கத்துப் பட்டறையிலிருந்து ட்ரில் மெஷினும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் என் மேசைக்குக் குடிவந்தன. உயரம் சரிவர மெஷினுக்கு அடியில் என் அகராதிகள் இரண்டையும் வைத்தார். ஒருவரும் உள்ளே வராதிருக்கச் செய்யும் வேலை, எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஆரம்பமானது. முதலில் ஓட்டை விழ வேண்டிய இடத்தில் பஞ்ச் என்கிற கூருளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். எடுத்துப் பார்த்தால் பட்டையில் கொசு உட்கார்ந்த தடம்கூட இல்லை, உளியின் கூர்முனைதான் மழுங்கிப்போயிருந்தது. "பஞ்ச் பழசு" என்றார். அடுத்து ட்ரில். மாமா, அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத நான் படித்த படிப்பு போதாது. துளைபோடும் பிட் பட்டைமேல் வழுக்கி வழுக்கி ஓடியது, அப்பா மேலும் அழுத்தினார், அது மேலும் அலறியது, அரை நிமிஷத்தில் பிட் முனை நீலமாகிப் பிறகு கறுத்துப்போனது. பட்டை மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளவென்று இருந்தது. அத்தை வலது காதிலிருந்த கேட்கும் மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "டேய், நிறுத்தேன்டா, கழட்டின பிறகும் கேக்குது" என்றாள். அன்று நாலு பிட் போயின. மறுநாள் இன்னும் நல்ல பிட் என்று வாங்கி வந்தார், அவை இன்னும் நல்ல சத்தத்தோடு போயின.

மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்தார். கீழே வீடு, முன்னறையில் அவருடைய ஆஸ்பத்திரி.

"சார், தப்பா நினைக்காதீங்க. என்ன வேலை நடக்குது?"

"ஓட்டை போடறேன்."

"நானும் அதைத்தான் பண்றேன். ஆனா நீங்க மேல ஆரம்பிச்சதும் கீழ என் நாற்காலியில இருக்கறவங்க எந்திரிச்சுடறாங்க. நான் வாயில இன்னும் கையே வெச்சிருக்க மாட்டேன். இன்னிக்கு வெளிய உக்காந்திருந்த மூணு பேர் செருப்பைக்கூடப் போட்டுக்காம போயிட்டாங்க."

"அதென்ன ரெண்டு நாள்ல முடிஞ்சிடும் டாக்டர்."

"எதுல போடறீங்க?"

அப்பா பட்டையைக் காட்டினார். டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டினார். "எனாமல் ரொம்பக் கெட்டி" என்றார். புகார் சொல்ல வந்த மனிதர் அரை மணி நேரம் என் கட்டிலில் உட்கார்ந்து யோசனை சொன்னார். "உங்க பிட் இதுக்கு ஆகாது சார். எங்ககிட்ட இருக்கறது கார்பைடு. பல்லைவிடக் கெட்டியானதெல்லாம் கரைச்சிடும்" என்று கீழே போய், தேய்ந்துபோனதால் ஒதுக்கி வைத்திருந்த பொடிசான முனைகள் சிலவற்றையும் தன் கைக்கருவியையும் எடுத்துவந்தார். அவரைத் தேடிக்கொண்டு வாயில் பஞ்சோடு ஒருவர் பின்னாலேயே ஏறி வந்தார். அப்போது என் அறையில் இருந்தவர்கள்: அப்பா, அத்தை, டாக்டர், வாயில் பஞ்சு வைத்தவர், எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்த அம்மா. நான் கட்டில் மூலையில் ஐந்தாம் வகுப்பு அறிவியலை மடியில் வைத்துக்கொண்டு, பூவின் பாகங்களில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர் பட்டையைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "வலிக்காது" என்றார். அந்தக் கருவி நிஜமாகவே பட்டையில் கடுகளவு ஒரு பள்ளம் போட்டது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அதற்குள் முனை பொறிந்து உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது. "இது ரெண்டு மூணு சிட்டிங் ஆகும் சார்" என்று சொல்லிவிட்டு, பஞ்சு வைத்தவரை அழைத்துக்கொண்டு கீழே போனார்.

ஆறாம் நாள்தான் அப்பா உங்கள் வாக்கியத்துக்குத் திரும்பினார். உங்களுக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். "கேட்டா, முதல்லயே சொன்னேனேம்பான்" என்று மறுத்துவிட்டார். தண்ணீர்க் குழாய் வேலைக்கு வைத்திருந்த காஸ் டார்ச்சை எடுத்து, பட்டையை இடுக்கியில் பிடித்து, நுனியைச் செக்கச் செவேலென்று காய்ச்சினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிவந்ததும் கையைத் தூக்கிப் பிடித்தபடி, "ம், இப்ப ஆத்தணும்" என்றார். அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் ஆற்றுவதில் தேர்ந்தவர் யார்? அம்மாவைக் கூப்பிட்டார்.

"என்னங்க?"

"உன் தம்பி ஆத்தச் சொன்னான். ஆத்து."

"இரும்பையா?"

"அவன் அப்படித்தான் சொன்னான்."

"ஆத்துன்னா பாலை ஆத்தற மாதிரிதானே" என்ற அம்மா, ஒரு சொம்பு நிறையத் தண்ணீரும் கீழே ஒரு பாத்திரமுமாக வந்து நின்றாள். அப்பா பட்டையை நடுவில் நீட்டினார். அம்மா கையை நன்றாக உயர்த்தி, நுரை பொங்கப் பாலை ஆற்றும் அதே லாவகத்தோடு, தண்ணீரை ஒரு கோடாக அதன்மேல் விட்டாள். 'சுர்ர்ர்' என்றது. அறை முழுக்க ஆவி. பாத்திரத்தில் விழுந்த தண்ணீரை எடுத்து இரண்டாம் தடவையும் ஆற்றினாள். "போதுமா, இன்னொரு ஆத்து ஆத்தட்டுமா?" என்று கேட்டாள். "சூடு இருக்கா பாரு" என்றார் அப்பா. சூடே இல்லை. அவ்வளவு ஒழுங்காக ஆறிய இரும்பை நீங்கள் உங்கள் பட்டறையிலேயே பார்த்திருக்க மாட்டீர்கள். பிறகு அதை வைஸில் கடித்து வைத்து, ட்ரில்லை இறக்கி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அப்பா அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். காய்ந்த பிஸ்கட் உடைவதுபோல் நுனி உடைந்து சுவரில் பட்டுத் தெறித்தது. வழுக்கிய கை வைஸில் மோதிக் கட்டைவிரல் நசுங்கியது. சாணில் முக்கால்தான் மிஞ்சியது.

அப்பா கத்தவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா சொம்பைக் கையில் பிடித்தபடி, "நான் சரியாத்தானே ஆத்தினேன்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். அப்பா விரலை வாயிலிருந்து எடுத்து, "விடு. கதவு சாத்தாட்டி என்ன, குடியா முழுகிடும்" என்றார். யார் குடி என்று அவருக்குத் தெரியாது. மறுநாள் அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் விண்ணப்பத் தாளை எடுத்து நிரப்பினேன். பெயர், வயது, பணி எல்லாம் எழுதியாயிற்று. 'விடுதியில் சேர விரும்பும் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடி வைத்துவிட்டு, அன்றைய தாளை எடுத்தேன். நாலாம் வகுப்பு இலக்கணப் பயிற்சி. தன்வினையைப் பிறவினையாக மாற்றுக. பந்து உருண்டது, பந்தை உருட்டினான். கிளி பறந்தது... பால் ஆறியது, பாலை ஆற்றினாள்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மாமா, நீங்கள் சொன்னது பிறவினை. இரும்புக்கு வேண்டியிருந்தது தன்வினை. நீங்கள் மனதில் நினைத்தது அது தானாக, மெல்ல, தன் நேரத்துக்கு ஆற வேண்டும் என்பது. வாயில் வந்தது ஆத்துங்க. அந்த இரண்டுக்கும் நடுவில் அம்மாவின் சொம்பு புகுந்துவிட்டது. சந்தேகத்துக்கு நூலகத்தில் பட்டறைத் தொழில் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சிவக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடிபோல் கெட்டியாகி நொறுங்கும், உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆற விட்டால் இளகும் என்று அதிலும் இருந்தது. அதை எழுதியவர் பிழை திருத்த ஆள் வைத்திருக்கிறார். தயவு செய்து இனிமேல் போனில் தன்வினையிலேயே பேசுங்கள்.

வீட்டுக்கு வந்து, "மிச்சப் பட்டையை எனக்குக் கொடுங்கப்பா" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்?"

"ஆத்தறதுக்கும் ஆறறதுக்கும் வித்தியாசம் தெரியும்."

"இதுவும் உடைஞ்சா அப்பறம் ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன்."

"தெரியும்பா."

எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டில் கட்டட வேலை நடக்கிறது. விடுமுறை நாளன்று காலையில் அங்கே கேட்டு ஒரு பெரிய டின் நிறைய மணல் வாங்கி, அம்மாவிடம் கொடுத்து வாணலியில் ஈரம் போக வறுக்கச் சொன்னேன். ஸ்பிரிங் வேலை செய்ய வேண்டிய நடுப்பகுதிக்குச் சூடு ஏறாதிருக்க அங்கே ஈரத்துணி சுற்றினேன். பட்டை மெல்லியது, சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால், நுனியோடு சேர்த்து இரண்டு தடித்த இரும்புத் துண்டுகளையும் கவ்வவைத்து, எல்லாம் ஒன்றாகச் சிவக்கும்வரை அப்பா டார்ச்சைக் காட்டினார். சிவந்ததும் துணியை உருவிவிட்டு, அப்படியே மணலில் இறக்கி மேலேயும் மணல் போட்டு மூடினேன். "இனி நாலு மணி நேரம் யாரும் தொடக் கூடாது" என்று அறிவித்து, டின்னை என் அறையில் ஒரு மூலையில் வைத்தேன்.

மாமா, பட்டையைச் சிவக்கவைப்பது சுலபம். இந்த வீட்டில் ஒரு பொருளை நாலு மணி நேரம் சும்மா விடவைப்பதுதான் பெரிய வேலை. பத்தே நிமிஷத்தில் அத்தை வந்தாள். "ஆறிடுச்சா?" இல்லை அத்தை. "கொஞ்சம் விசிறி விடட்டுமா?" வேண்டாம் அத்தை. கால் மணியில் அப்பா ஸ்பூனோடு வந்து குனிந்தார். "அப்பா!" "தோண்டலம்மா, மணல் சரியா இருக்கான்னு பாக்கறேன்." அவர் போனதும் பார்த்தால், மணலில் ஸ்பூன் அகலத்துக்குக் குழி. அதை மூடினேன். மறுபடி அத்தை. "ஒரு கை தண்ணி தெளிச்சா..." டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அச்சகத்துத் தாளில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அம்மா வந்தாள். "எந்திரி, போய்ச் சாப்பிடு. நான் இருக்கேன்" என்றாள். பயந்துகொண்டே போனேன். திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மணலில் ஒரு விரல் தடம் இல்லை. அப்பா நடைவழியில் ஸ்பூனோடு நின்றுகொண்டிருந்தார். "உள்ள விட மாட்டேங்கறா" என்றார் என்னிடம்.

சாயங்காலம் எடுத்தோம். நீலம் போய் நுனி மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. அப்பா பஞ்ச் உளியை வைத்து மெதுவாகத் தட்டினார், குட்டியாக ஒரு குழி விழுந்தது. அவர் அந்தக் குழியைப் பார்த்த மாதிரி என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை. கீழே ஒரு பலகையைக் கொடுத்து, மெஷின் வேகத்தைக் குறைத்து, நான் ஒரு சொட்டு எண்ணெய் விட, அவர் கைப்பிடியை இறக்கினார். சத்தமே இல்லை. பிட்டைச் சுற்றி வெள்ளிச் சுருளாக இரும்பு எழுந்து வந்தது. ஒன்று, இரண்டு. ஓட்டை இரண்டும் முடிந்தபோது படியில் தடதடவென்று காலடி. பல் டாக்டர் மூச்சு வாங்க நின்றார். "என்ன சார், இன்னிக்குச் சத்தத்தையே காணோம், உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். ஓட்டைகளைக் காட்டினோம். ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று சான்றளித்துவிட்டுப் போனார்.

அன்றே நிலையில் பட்டையைத் திருகி, கதவில் குமிழை வைத்தோம். அப்பா வெளியிலிருந்து தள்ளினார், உள்ளிருந்து இழுத்தார், அத்தையை உள்ளே நிறுத்தித் திறக்கச் சொன்னார், இடது கையால் திறக்கச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொன்னார். "டேய், என்னடா நினைச்சிட்டிருக்கே என்னைப் பத்தி?" என்றாள் அத்தை. பதினோரு தடவைக்குப் பிறகு, "சரி, இது தாழ்ப்பாள் இல்ல" என்று தீர்ப்பு வந்தது. எல்லாரும் வெளியே போனார்கள். நான் கதவைச் சாத்தினேன். கையை எடுத்தேன். மூன்று எண்ணினேன். பிறகு இருபதுவரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து நான் நாலு புத்தகங்கள் முடித்திருக்கிறேன். வெளியே அத்தை பேசுவது, அப்பா தொட்டியைப் பற்றிக் கவலைப்படுவது எல்லாம் கேட்கிறது. கேட்பது இதமாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டு ரேடியோபோல. அவர்கள்மேல் பிரியம் கூடிவிட்டது, எதிர்பார்த்தபடியே. விண்ணப்பத் தாளைக் காரணக் கட்டம் காலியாக இருக்கும்போதே கிழித்துவிட்டேன். இதையும் என் அறையில், என் மேசையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே என் பொருட்டு நீங்கள் அப்பாவிடம் எதுவும் பேச வேண்டாம். பார்க்க வருவதாயிருந்தால் வாருங்கள், சமாதானம் செய்வதற்காக வர வேண்டாம். இங்கே எல்லாம் அமைதியாகிவிட்டது.

மாமிக்கு என் அன்பு, அவர் முதுகுக்கு அத்தையின் விசாரிப்பு, உங்கள் கைகளுக்கு என் நன்றி. உங்கள் ஆசியை எப்போதும்போல் கேட்காமலே எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பி.கு.: மேலே 'கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்' என்பது நேற்று மதியம்வரை உண்மை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா துவைத்த துணிகளோடு வந்தாள். "ரெண்டு நிமிஷம் எந்திரிச்சுக்கோ, மடிச்சுட்டுத் தரேன்" என்றாள். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் பொறுத்து மெல்லத் திறந்து பார்த்தேன். துணி மடித்தபாடில்லை, அம்மா கட்டிலில் சாய்ந்து, என் புத்தகம் ஒன்றை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாத்திட்டுப் போ" என்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போனாள். நான் அத்தை அறையில் படுத்தேன். அங்கே நிஜமாகவே காற்று வரவில்லை. இன்று காலையும் வீட்டு வேலையை முடித்த கையோடு போய்விட்டாள். இதை நான் கூடத்தில் உட்கார்ந்து முடிக்கிறேன். ஒரு பக்கம் அத்தை, "என்ன எழுதறே?" என்று எட்டிப் பார்க்கிறாள்.

அப்பா அரை மணி நேரமாக என் அறைக் கதவுக்கு வெளியே நிற்கிறார். தள்ளினால் திறந்துகொள்ளும். அதைப் பதினோரு தடவை சோதித்தவரே அவர்தான். ஆனால் சற்று முன்பு, இந்த வீட்டில் நான் பிறந்ததிலிருந்து யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் அம்மா உள்ளிருந்து.

அப்பா யோசித்தார். "நான்தான்."

"என்ன வேணும்?"

அப்பா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "என்ன வேணும்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். உறையை ஒட்டுகிறேன், மாமா. அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.